கேனரியைக் கீழே அனுப்பியவள்

வார நாட்களில் இங்கா ரவுத்தியோ பள்ளிப் பேருந்து ஓட்டினாள். சனி ஞாயிறுகளிலும் கோடை முழுவதும், ஒரிகன் கரையின் கரிபால்டித் துறையிலிருந்து தூண்டில்காரர்களை ஏற்றிப்போகும் மெர்ல் ஸ்டாட்லரின் படகில் வேலை. இரை மாட்டுவாள், சிக்கெடுப்பாள், கடல் நோய் வந்தவர்களுக்கு வாளி நீட்டுவாள். பத்து வருடமாக இதுதான்.

அந்த வேலையில் அவளால் சகிக்க முடியாதது ஒன்றுதான், கேனரி.

கேனரி ஆரஞ்சு நிறப் பாறை மீன். கடலடிப் பாறைகளுக்குச் சற்று மேலே கூட்டமாக நிற்கும். ஒன்று இரையைக் கவ்வினால் மற்றவையும் போட்டி போட்டுக்கொண்டு கவ்வும். அந்த வருடங்களில் அது அருகிப்போயிருந்ததால் பிடித்து வைத்துக்கொள்ளத் தடை. தப்பித் தூண்டிலில் வந்தால் கடலிலேயே விட்டுவிட வேண்டும். விட்டார்கள்தான். ஆனால் முப்பது பாகத்துக்கு, அதாவது நூற்றெண்பது அடிக்குக் கீழேயிருந்து இழுக்கப்பட்ட மீனுக்கு உள்ளிருக்கும் காற்றுப்பை ஊதி, இரைப்பை வாய்க்குள் பிதுங்கி, கண்கள் வெளியே தள்ளியிருக்கும். தண்ணீரில் போட்டால் மூழ்காமல் மல்லாந்து மிதக்கும். கடற்காகங்கள் முதலில் கண்ணைக் கொத்தும்.

"செத்த மீன் இங்கா, அதைப் பார்த்துக்கிட்டு நின்னா தூண்டிலை யார் பார்க்கிறது?" என்பார் மெர்ல்.

"செத்துப்போகலை. செவுள் அடிக்குது பாருங்க."

ஒரு செப்டம்பரில் பழைய பிளாஸ்டிக் பால் கூடை ஒன்றைக் கொண்டுவந்தாள். அதைக் கவிழ்த்து, விளிம்பில் ஈயக்குண்டுகள் கட்டி, மேலே கயிறு மாட்டினாள். மிதக்கும் மீனைக் கூடைக்கடியில் தள்ளிக் கீழே இறக்கினால், ஆழத்தின் அழுத்தத்தில் காற்று சுருங்கிவிடும்; கயிற்றை இழுத்தால் கூடை வரும், மீன் தங்கிவிடும். கணக்கு சரி. முதல் நாள் கூடை சரிந்து மூன்று மீனும் மேலே வந்து மிதந்தன.

"லிஃப்ட் ரிப்பேரா?" என்று கேட்டார் சேலத்திலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர். ஒரிகனின் சேலம். படகே சிரித்தது.

மறு வாரம் நான்கு மூலையிலும் சமமாக எடை கட்டினாள். கூடை நேராக இறங்கியது, காலியாகத் திரும்பியது. மெர்ல் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "ஒரு தடவைக்கு மூணு நிமிஷம். அதுக்கு மேல ஒரு நொடி கூடக் கிடையாது."

"ரெண்டரையில முடிக்கிறேன்."

முடித்தாள். ஆனால் கீழே போன மீன் பிழைக்கிறதா என்று அவளுக்கே தெரியாது. அந்தக் கேள்வி பேருந்து ஓட்டும்போதும் விடவில்லை. மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போய் நின்றாள். மூன்றாம் முறை போனபோது, மீனை அடையாளம் காண அதன் முதுகில் குத்தும் எண் போட்ட மஞ்சள் நாடாக்கள் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அடுத்த கோடை முடிவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு கேனரிகளை நாடாவோடு இறக்கினாள். ஒன்றுகூட மறுபடி தூண்டிலில் வரவில்லை. குளிர்காலம் போனது, இன்னொரு கோடையும் போனது.

"நண்டுகளுக்கு நல்லா விருந்து வைக்கிறே," என்றார் மெர்ல்.

இங்கா கூடையின் கயிற்றைப் புதிதாக மாற்றினாள்.

பிப்ரவரியில் அபூர்வமாகக் கடல் அமைதியாக இருந்த ஒரு சனிக்கிழமை, நாடா மீன்களை இறக்கிய அதே பாறைமேல் ஒரு பயணி பெரிய கேனரியை இழுத்தார். அதன் முதுகில் பாசி படிந்த நாடா. இங்கா கட்டைவிரலால் துடைத்தாள். நாற்பத்தொன்று. பதினெட்டு மாதத்துக்கு முன் இறக்கியது. மேலே இழுத்ததில் கண்கள் மறுபடி பிதுங்கியிருந்தன. வயிறு கனத்திருந்தது, அடியிலிருந்து சாம்பல் நிறக் கூழ் கசிந்தது. அதில் ஆயிரக்கணக்கில் கரும்புள்ளிகள். இந்த மீன் முட்டையிடாது, குஞ்சுதான் ஈனும். புள்ளி ஒவ்வொன்றும் ஒரு குஞ்சின் கண்.

மெர்ல் குனிந்து பார்த்தார். பிறகு, "ஒண்ணு வந்ததுனால நூத்துப் பன்னிரண்டும் பிழைச்சதுன்னு ஆயிடாது," என்றார்.

"ஆகாது. இது பிழைச்சிருக்கு."

"சரி, சும்மா நிக்காதே. புள்ளத்தாச்சியைக் கீழே அனுப்பு."

அவரே கயிற்றைப் பிடித்தார். அன்று யாரும் நிமிடம் பார்க்கவில்லை.

கோடைக்குள் துறையில் இன்னும் நான்கு படகுகள் பால் கூடை கட்டிக்கொண்டன. இங்காவிடம் யாரும் நன்றி சொல்லவில்லை; எடை எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் கேட்டார்கள். ஐந்து ராத்தல் என்றாள். அடுத்த ஏப்ரலில் மீன்வளத் துறைக்குப் போய் இன்னொரு பொட்டலம் நாடா கேட்டாள்.