ஜோன் என்று நான் சொன்ன பொய்

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் படித்தபோது கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அணியில் இருந்தேன். வீடு விக்கிரவாண்டி. பள்ளியில் என்னோடு ஆடிய தோழிக்குத் திண்டிவனத்துக் கல்லூரியில் இடம் கிடைத்தது. காலையில் சாலையின் ஒரு பக்கம் நான் பஸ்ஸுக்கு நிற்பேன், எதிர்ப்பக்கம் அவள் நிற்பாள். சாயங்காலம் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடப்போம்.

அந்த வருஷம் திண்டிவனத்தோடு எங்களுக்கு ஆட்டம் முடிவானது. அன்றிலிருந்து எங்கள் கேப்டன் நான் கிட்டே போனால் பேச்சை நிறுத்தினாள்.

அவர்கள் அணியில் ஒரு நெட்டையான பெண் இருந்தாள். கூடைக்குக் கீழே பந்து கிடைத்தால் அவளைத் தடுக்க முடியாது. ஜோன் என்ற தடுப்பு ஆடினால், நடுவில் ஒருத்தியை நிறுத்தி, ஆளுக்கு ஓர் இடத்தைக் காத்துக்கொண்டு கூடையைச் சுற்றி அடைத்துவிடலாம். ஆனால் தூரத்திலிருந்து எறிபவர்களுக்கு அது வசதி. ஆளுக்கு ஆள் ஆடினால், ஒவ்வொருத்தியும் எதிரணியில் ஒருத்தியை விடாமல் துரத்த வேண்டும். இரண்டையும் பழகியிருந்தோம். எதை ஆடுவது என்பதைப் பி.டி. மேடம் கேப்டனிடமே விட்டிருந்தார்.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு கேப்டன் என்னைத் தனியாக அழைத்தாள்.

"ஆளுக்கு ஆள்தான் ஆடப்போறோம். உன் பிரண்ட நீதான் புடிக்கணும். வெளிய யாருக்கும் தெரியக் கூடாது."

அன்று சாயங்காலமே தோழி கேட்டாள். "இன்னாடி, எங்க மேல ஜோனா, ஆளுக்கு ஆளா?"

சும்மா கேட்பதுபோல்தான் கேட்டாள். ஆனால் அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அவர்கள் கேப்டன் கேட்டு வரச் சொல்லியிருப்பாளோ? எங்கள் அணிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "ஜோன்தான். உங்க நெட்டச்சிய நெனச்சி எல்லாம் பயந்துக்கினு இருக்காங்க."

ஆட்டம் எங்கள் மைதானத்தில். விசிலுக்குச் சற்று முன்பு கேப்டன் எங்களைக் கூட்டி, "ஜோன் ஆடுறோம்" என்றாள். நான் எதிரணிப் பக்கம் தோழியைத் திரும்பிப் பார்த்தேன்.

நெட்டைப் பெண் கூடைக்குப் பக்கத்திலேயே வரவில்லை. தோழியும் இன்னொருத்தியும் தூரத்திலிருந்தே எறிந்துகொண்டிருந்தார்கள். இடைவேளைக்குப் பிறகு கேப்டன் ஆளுக்கு ஆள் என்று மாற்றினாள். தோழியை நான் அசையவிடவில்லை. ஆனாலும் தோற்றோம். கை கொடுக்கும்போது தோழி என் விரல்களை ஓர் அழுத்து அழுத்தினாள். கேப்டன் பார்க்கிறாளா என்றுதான் முதலில் திரும்பிப் பார்த்தேன்.

குழாயடியில் கேப்டன் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உன்னப் போயி சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வச்சிக்காத. ஜோனுன்னு எனக்கும் நடுவுல நிக்கிறவளுக்கும்தான் தெரியும். மத்த எல்லாருக்கும் ஆளுக்கு ஆளுன்னுதான் சொன்னேன். அவுங்க ஜோனுக்குத் தயாரா வந்தாங்கன்னா, சொன்னது யாரு?"

நடுவில் நின்றவளின் சித்தி வீடு திண்டிவனத்தில் இருந்தது. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. அவள் பந்தைக் கேட்டால்கூட ஒருத்தியும் தூக்கிப் போடவில்லை.

நான்கு நாள் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் கேப்டனிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பொய் சொன்னியாம், அது நெசமாயிடுச்சாம். அவள காப்பாத்த எதுக்குடி கத கட்டிக்கினு வர்ற?"

பிறகு நடுவில் நின்றவளையே தேடிப் போனேன். மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு வாய்கூட எடுக்கவில்லை.

"கேப்டன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். நம்பல."

"நான் நம்புறேன்," என்றாள். "ஆனா நாலு நாள் இன்னா பண்ணிக்கினு இருந்த?"

அன்றிலிருந்து அவள் மைதானத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள்.

தோழியிடம் நான் சொன்னது பொய் என்று கடைசிவரை சொல்லவில்லை. சொந்த அணியையே அவளுக்காகக் காட்டிக்கொடுத்தவள் என்றுதான் என்னை நினைத்திருக்க வேண்டும். அதன் பிறகு அவள் வீட்டு விஷயம் எதையும் என்னிடம் பேசுவதில்லை.

மறு வருஷம் கேப்டன் படிப்பு முடிந்து போனாள். அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. நடுவில் நின்றவளின் வகுப்புக்கே போய்க் கூப்பிட்டேன். இரண்டு முறை மறுத்தாள். மூன்றாம் முறை வந்தாள். முன்பைவிட நன்றாகவே ஆடினாள். நான் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டு, எந்தத் தடுப்பு ஆடலாம் என்று பேச ஆரம்பித்தால் மட்டும், "முடிஞ்சதும் கூப்புடுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.