எர்த்துக்கு ஒரு குடம் தண்ணீர்

கோவில்பட்டியில் என் ஸ்டுடியோவில் அதுவரை ஹாலஜன் பல்புகள்தான். அந்தச் சூட்டில் பிள்ளைகள் அழும், பெரியவர்களுக்குப் பவுடர் வழியும். பளிச்சென்று ஒரு வெட்டு வெட்டி அணைந்துவிடும் ஃப்ளாஷ் லைட் வாங்கியே தீர்வது என்று தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

கடைக்காரர் இரண்டு விதம் காட்டினார். ஒன்று வெளிநாட்டுச் சரக்கு. கெட்டியான பிளாஸ்டிக் உடம்பு. பத்துத் தடவை அடித்தாலும் பத்தும் ஒரே அளவு வெளிச்சம். மற்றது எங்கோ வடக்கே கூட்டிச் சேர்த்தது. தகர உடம்பு. ஒரு தடவை அடித்தால் மறுபடி தயாராக நாலைந்து விநாடி முனகும். ஆனால் அந்த ஒன்றின் விலைக்கு இதில் இரண்டு வரும். இரண்டிலும் எடுத்த படங்களைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தேன். எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. பாஸ்போர்ட் சைஸ் படத்தில் எந்த மகராசன் கண்டுபிடிக்கப் போகிறான்? “ஒண்ணே ஒண்ணு வாங்கினாலும் நல்லதா வாங்குங்க” என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். நான் தகரத்தில் இரண்டு வாங்கிக்கொண்டு, பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்போடு ஊர் திரும்பினேன்.

மூன்றாம் நாள், லைட் நிற்கும் இரும்பு ஸ்டாண்டை நகர்த்தும்போது விரலில் சுருக்கென்றது. எறும்பு என்று நினைத்தேன். மறுபடி தொட்டேன். எறும்பு இல்லை.

ஒயரிங் செய்து தந்த எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்தேன். கட்டடத்தின் பின்னால், கரியும் உப்பும் போட்டு எர்த்துக் கம்பி புதைத்த குழியைப் போய்ப் பார்த்தார். சுற்றிலும் கரிசல் மண் பாதம் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது.

“தகரத்துல கரண்டு கசியுது அண்ணாச்சி. எர்த்து நல்லா இருந்தா மண்ணுக்குள்ள போயிரும். இங்கன மண்ணே காஞ்சு வாயப் பொளந்துல்லா கெடக்கு? தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க. இல்லன்னா லைட்ட மாத்துங்க.”

படத்தில் தெரியாத வித்தியாசம் எங்கே இருந்தது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழாயில் பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் வரும் ஊரில், தினமும் ஒரு குடம் எடுத்துப்போய் மண்ணில் ஊற்றினேன். பக்கத்துக் கடைக்காரர் சுவர்மேல் எட்டிப் பார்த்தார். “என்ன அண்ணாச்சி, செடியக் காணோம், தண்ணி மட்டும் ஊத்துதீங்க?”

சிரிக்கிற நிலையில் நான் இல்லை. மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். வரும் பெண்களுக்குச் சேலை மடிப்பைச் சரிசெய்வதும் பிள்ளைகளை உட்கார வைப்பதும் அவள்தான். பாரம் தூக்கினால் வயிற்றுக்கு ஆகாது, லைட் பக்கமே போகாதே என்று சொல்லி வைத்தேன். நிஜக் காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது. வாசலில் ‘செருப்பை வெளியே விடவும்’ என்றிருந்த போர்டைக் கழற்றிவிட்டு, காலில் ரப்பர் இருந்தால் ஷாக் அடிக்காது என்று எல்லோரையும் செருப்போடு வரச் சொன்னேன். உள்ளே சாமி படம் இருப்பதைப் பார்த்துவிட்டு யாரும் செருப்போடு வரவில்லை. வெறுங்காலோடு ஒவ்வொருவராக வந்து லைட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். யாராவது என் கண் முன்னால் செத்துப்போவார்கள் என்றே தினமும் நம்பினேன்.

சித்திரையில் ஒரு தடவை குழாய் ஏமாற்றிவிட்டது. இரண்டு நாளாகக் குழிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. அன்றைக்குப் பார்த்து எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம், குழந்தைக்கு மொட்டை போட்ட கையோடு வந்து நின்றது. திருப்பி அனுப்ப வாய் வரவில்லை. குழந்தையின் இடுப்பில் வெள்ளி அரைஞாணைத் தவிர ஒன்றுமில்லை. இரண்டு கையையும் வாய்க்குள் விட்டு எச்சிலாக்கி வைத்திருந்தது. மனைவி அதைப் பாயில் உட்கார வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.

இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதற்குக் கேமராவில் கண் வைத்தால், பாயில் குழந்தை இல்லை.

தவழ்ந்துபோய், அந்த ஈரக் கைகளால் ஸ்டாண்டைப் பிடித்திருந்தது. லைட் முனகிக்கொண்டிருந்தது. நான் கேமராவை விட்டு நகர்வதற்குள் குழந்தை ஸ்டாண்டைப் பிடித்தபடியே எழுந்து, ஆடி ஆடி நின்று, எல்லோரையும் பார்த்துச் சிரித்தது.

“நிக்கான்! ஏங்க, பிள்ள நிக்கான்!” என்று அதன் அம்மா கை தட்டினாள்.

நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன். பின்னறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துவிட்டேன். மனைவி என் முகத்தைப் பார்த்தாள்.

“பயப்படாதீங்க. காலையில தண்ணி ஊத்திட்டேன்.”

“ஏது தண்ணி?”

“குடிக்க வச்சிருந்ததுதான். விடியக்காலம் லைட்டப் போட்டு ஸ்டாண்டத் தொட்டுப் பாத்தேன், ரொம்ப அடிச்சுது. ஊத்திட்டு மறுபடி தொட்டேன், ஒண்ணுமில்ல.”

“நீ தொட்டியா?”

“தெனமும் தொடுதேன்லா. அன்னைக்கு நீங்க கைய ஒதறினதப் பாத்தேன். அடுத்தவிய பிள்ளைய உக்கார வைக்கிற எடம், பாக்காம எப்படிங்க உக்கார வைக்க?” புறங்கையைக் காட்டினாள். “உள்ளங்கையால தொட்டா கரண்டு பிடிச்சுக்கிடும்லா. அதான் இப்படி.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“இல்லாம இருக்குமா? இன்னொரு கையால வயித்தப் பிடிச்சுக்கிட்டுத்தான் தொடுவேன்.”

முன்னறையில் குழந்தை நிற்பதை ஒரு படம் எடுக்கச் சொல்லி அவர்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் அவள் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.