ஒரு புள்ளடியும் முப்பத்துமூன்று புள்ளிகளும்

போன மாதம் என் இளைய மகன் என்னை மொன்ஸ்டர் ட்ரக் பார்க்கக் கூட்டிப்போனான். ஆளுயர டயர் பூட்டிய லொறிகள் பழைய கார்களின் மேல் ஏறி அவற்றை அப்பளமாக நொறுக்குவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சத்தம் அந்த நாளில் நான் கேட்ட அதேதான். லொறிக்கு ஊற்றுகிற மெதனோலின் மணமும் அதேதான். முதலில் கொஞ்சம் இனிப்பாக வரும், பிறகு கண்ணைக் கடிக்கும். ஆனால் ஓட்டப் போட்டி இல்லை. ஒரு லொறி தனியே வந்தது, துள்ளியது, கரணமடித்தது, போனது. ஒவ்வொன்றும் முடிந்ததும் சனமெல்லாம் போனைத் தூக்கிப் பத்துக்கு எத்தனை என்று அமத்தியது. தலைகீழாக விழுந்து கிடந்த லொறிக்குத்தான் ஆகக்கூடிய புள்ளி.

“இதில ஆர் வென்றது?” என்று மகனைக் கேட்டேன்.

“இட்ஸ் ஜஸ்ட் எ ஷோ, அப்பா. நீங்களும் வோட் பண்ணுங்கோ.”

போனை என் கையில் தந்தான். நான் வாங்கவில்லை. வீடு வரும்வரை முகத்தை உம்மென்று வைத்திருந்தேன். பாவம், அவன் தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக நினைத்து எனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தான். அந்தக் கோபம் அவனுடைய வயதைவிட மூத்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மெதனோல் மணத்துக்குப் பின்னால் எனக்கு எப்போதும் பெயின்ற் கரைக்கிற தின்னரின் மணம் வரும். தொண்ணூறுகளின் நடுவில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், கிளென் ஈடனில் ஒரு கராஜில் வேலை செய்தேன். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. ஊரில் டிங்கர் வேலை என்போம், இங்கே பனல் பீட்டர் என்கிறார்கள். அம்மாவுக்கு அதை அப்படியே கடிதத்தில் எழுதினேன். “பீட்டர் எண்டால் அடிக்கிற ஆள்தானே, அடிதடிக்கெல்லாம் போகாதை ராசா” என்று பதில் வந்தது.

அந்தக் கராஜில் பெயின்ற் அடித்தவள் டெப். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். இங்கிலிஷ்தான் பேசுவாள், எனக்கு அது விளங்கியபடி தமிழில் தருகிறேன். கராஜின் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அவளுடைய லொறி நின்றது. பெயர் ரஸ்டி நெல், துருப்பிடித்த நெல்; இங்கே நெல் என்பது ஒரு பெண்ணின் பெயர். ஒரு பண்ணைக்காரர் எறிந்த பழைய லொறியை வாங்கி, ஆறு வருடமாக, வேலை முடிந்த பின்னேரங்களில் அவளே கட்டியது. நான் செய்ததெல்லாம் டயருக்கு இடையில் மண் சுரண்டியது மட்டும். ஆனாலும் கூட்டாளிகளிடம் “எங்கட லொறி” என்றுதான் சொல்லித் திரிந்தேன்.

கூட்டாளி என்றால் மணியம். மலேசியாக்காரன், நகருக்குத் தெற்கே பாபடோயிட்டோயில் இருந்தான், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. போட்டி நடக்கும் சனிக்கிழமைகளில் சான்ட்ரிங்ஹாமில் நான் இருந்த அறைக்கு வந்து ஹோர்ன் அடிப்பான். காரின் பின் சீட்டில் அவன் மனைவி கிழங்குக்கறி வைத்துப் பொரித்த கறிபாப் ஒரு டப்பா, காதில் வைக்கப் பஞ்சு, ஓட்டங்களின் புள்ளியை நாங்கள் எழுதிவைக்கிற கொப்பி. நகருக்கு மேற்கே இருந்த மண் திடலுக்கு ஓடுவோம். கோடை முழுக்க அங்கே ஒரே தொடர். இரண்டு இரண்டு லொறியாக, பக்கத்துப் பக்கத்தில், கார்களின் மேல் ஏறி இறங்கி ஓட வேண்டும்.

புள்ளிக் கணக்கு ஒரு சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். வென்றால் நாலு. தோற்றாலும் ஓடி முடித்தால் ஒன்று. பாதியில் நின்றாலோ, ஓரத்துச் செம்மஞ்சள் கூம்பைத் தட்டினாலோ அவுட், பூச்சியம். அந்த ஒன்று இருக்கிறதே, அதுதான் எனக்குப் பிடித்த புள்ளி. சில்லுக் கழன்று, புகை கக்கி, நொண்டி நொண்டியாவது முடிவுக் கோட்டைத் தாண்டினவருக்கு மரியாதை. விழுந்து கிடந்தவருக்கு ஒன்றும் இல்லை. இன்றைக்கு விழுந்தவருக்கு ஒன்பதரை கொடுக்கிறார்கள்.

கூம்புகளை அடுக்கி வைக்க ஆள் தேவைப்பட்டதால் மணியமும் நானும் உதவிக்குப் போனோம். டிக்கெட் இல்லாமல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்கிற பேராசைதான்.

தொடரின் கடைசிச் சனிக்கிழமை, கடைசி ஓட்டம். நெல்லுக்கு இருபத்தொன்பது புள்ளி. எதிரே ஓடிய தண்டர் பேடக் என்கிற கறுப்பு லொறிக்கு முப்பத்தொன்று. நெல் வென்றால் முப்பத்துமூன்றுக்கு முப்பத்திரண்டு, ஒரு புள்ளியில் தொடர் அவளுக்கு. தொடரை வென்றவர் அவுஸ்திரேலியாவுக்கு ஓடப் போகலாம். டெப் பாஸ்போர்ட்டுக்குப் படம்கூட எடுத்துவிட்டாள். அதைக் கராஜ் சுவரில் ஒட்டி, “கொலைகாரி மாதிரி இருக்கிறன், உள்ள விடுவாங்களோ?” என்று எல்லாரையும் கேட்டாள்.

கோட்டில் நின்று முடிவு எழுதுகிற பெண்மணிக்கு அன்றைய வெயிலில் தலை சுற்றியது. அட்டையையும் பேனையையும் என் கையில் திணித்து, “மார்க் த வின்னர்” என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டா. கடதாசியில் இரண்டு பெயர், இரண்டு பெட்டி, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

நெல் வென்றது. அரை லொறி நீளத்தில் வென்றது. ஒரு கூம்பும் அசையவில்லை; அடுக்கியவன் நான்.

நெல்லின் பெட்டியில் வடிவாக ஒரு புள்ளடி போட்டேன். புள்ளடி என்றால் என்னவென்று இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று குறுக்காக இரண்டு கோடு, பறவையின் காலடி மாதிரி. இலங்கையில் வோட் போடுகிறபோது, நாங்கள் விரும்புகிறவரின் பெட்டியில் அதைத்தான் போடுவோம். அதுவரை என் வாழ்நாளில் நான் போட்டது ஒரே ஒரு வோட். இரண்டு பெட்டியைக் காட்டி, வென்றவரைக் குறி என்றால் என் கைக்குத் தெரிந்தது அதுதான்.

அந்தக் கடதாசியில் வென்றவருக்குச் சரி அடையாளம் போட வேண்டுமாம். புள்ளடி என்றால் அவுட்.

கையெழுத்தும் வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கி சொன்னது: ரஸ்டி நெல் அவுட், தொடர் தண்டர் பேடக்குக்கு. சனம் ஊளையிட்டது. பிறகு, கூம்பைத் தட்டியிருப்பாள் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு சிப்ஸ் வாங்கப் போய்விட்டது.

“அலாமா. என்னாண்ணே எழுதுன?” என்றான் மணியம்.

“புள்ளடி போட்டனான்.”

“அது என்னா புள்ளடி?”

காற்றில் வரைந்து காட்டினேன். அவன் தலையில் கை வைத்தான். “கோழிக்கால் வரைஞ்சு அந்தப் பொம்பளைய கவுத்துட்டியே. ஓடுண்ணே, போய்ச் சொல்லு. பத்து நிமிஷந்தான் டைம்.”

முடிவை மாற்ற வேண்டுமென்றால் பத்து நிமிடத்துக்குள் புள்ளிக் கணக்கு மேசையில் சொல்ல வேண்டும் என்பது விதி. ஓடினேன். எனக்கு முன்னமே டெப் அங்கே நின்றாள், முகமெல்லாம் மண். புள்ளி மேசைக்காரர் என் கடதாசியை அவளுக்கு நேரே தட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.

“இவன்தான் எழுதினது. இவனையே கேள்,” என்று என்னைக் காட்டினார்.

டெப் என் பக்கம் திரும்பினாள். “நான் கூம்பைத் தட்டினனானோ?”

இல்லை என்ற ஒரு சொல். அதற்கு இங்கிலிஷும் பெரிதாகத் தேவையில்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் மேசைக்காரர் கையை நீட்டினார். “வேர் ஆர் யுவர் பேப்பர்ஸ்?”

நான் அகதி விண்ணப்பம் போட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம் அது. தபால்காரரைக் கண்டாலே கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். பேப்பர்ஸ் என்றால் எனக்கு ஒரே ஒரு அர்த்தம்தான், விசாக் கடதாசி. இந்த மனுசன் எங்கேயாவது அறிவித்தால், குழப்பம் செய்தவன் என்று திருப்பி அனுப்பினால் என்று தலைக்குள் எல்லாம் ஓடியது.

“ஐ டோன்ட் நோ,” என்றேன்.

டெப் என்னைப் பார்த்தபடி நின்றாள். பத்து நிமிடமும் போய் முடிந்தது.

காரில் மணியம் கத்தினான். “புள்ளி எழுதுன பேப்பரைத்தாண்ணே கேட்டான். உன் விசாவை வச்சு அவன் என்னா பண்ணப்போறான்?” அப்படியும் இருக்கலாம். ஆனால் அட்டையும் கடதாசியும் அவருக்கு முன்னால் மேசையில்தான் கிடந்தன. பிறகு எந்தப் பேப்பரைக் கேட்டார்? இன்றுவரை எனக்குத் தெரியாது. கறிபாப்பை அன்று இருவரும் தொடவில்லை.

திங்கட்கிழமை கராஜில் டெப்பிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புள்ளடியை ஒரு கார்க் கதவின் தூசியில் வரைந்தும் காட்டினேன். குனிந்து அதைப் பார்த்தாள்.

“இது எனக்கு விளங்குது. இது பிழை, ஆருக்கும் வரும்,” என்றாள். “பத்து நிமிஷம் பக்கத்தில நிண்டியே. அதுதான் விளங்கேல்ல.”

உடனே மேசைக்காரருக்குப் போன் எடுத்தாள். கையெழுத்து வைத்த கடதாசி கடதாசிதான், நேரம் முடிந்தது என்றாராம். ஆயிரம் கண் பார்த்த ஓட்டத்தை ஒரு கோழிக்கால் தோற்கடித்தது. அதைத் திருத்த முடிந்தவர் திருத்தவில்லை. நினைக்க இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் அவரைத் திட்டி முடிந்ததும் எப்போதும் மிஞ்சி நிற்பது நான்தான். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். மூடிக்கொண்டது என்னுடைய வாய்.

அடுத்த கோடைக்கு முன்னமே டெப் நெல்லை விற்றாள். வாங்கியவர் அதைப் பிரித்து, டயர்களை மாட்டுக்குத் தீனி போடுகிற தொட்டியாக்கினார் என்று கேள்விப்பட்டேன். பாஸ்போர்ட் படம் சுவரில் மஞ்சளாகும்வரை இருந்தது. பிறகு ஒருநாள் அதுவும் இல்லை. டெப் தெற்கே எங்கேயோ போய்விட்டாள்.

மணியத்துக்கும் எனக்கும் இப்போது நரைத்துவிட்டது. சந்தித்தால் பழைய கொப்பியை எடுத்து வைத்துக் கணக்குப் பார்ப்போம். அவன் கடைசிப் பக்கத்தில் அன்றைக்கே முப்பத்துமூன்று என்று எழுதி, பக்கத்தில் பெரிதாக ஒரு சரி போட்டுவிட்டான். “நீ பேனாவைத் தொடாதண்ணே,” என்பான். இந்த நாட்டுத் தேர்தலில் சரிதான் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்தச் சின்னத் தடுப்புக்குப் பின்னால் நின்று, என் கையை நானே மிரட்டுவேன்.

மண் திடலில் இப்போது வீடுகள். கோடு இருந்த இடத்தில் யாரோ ரோசா வளர்க்கிறார்கள். வென்றால் நாலு, முடித்தால் ஒன்று என்கிற கணக்கும் இல்லை, முறையிடப் பத்து நிமிடமும் இல்லை. என்னிடம் இன்றைக்குப் பிரஜாவுரிமை, பாஸ்போர்ட், எல்லாப் பேப்பரும் இருக்கின்றன. அலுமாரியின் மேல் தட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு மடிப்பும் விழாமல்.

கொண்டுபோய் வைத்து, அவள் கூம்பைத் தட்டவில்லை, அவள்தான் வென்றாள் என்று சொல்ல அந்த மேசை இல்லை.