யானைச் சைக்கிள்காரி சுபாஜினி

என் மருமகள் சுபாஜினிக்கு ஹந்தானை மலையில் சைக்கிள் ஓட்டுகிற வேலை. சாதாரண சைக்கிள் இல்லை. டயர் நாலு அங்குல அகலம். நடுத் தண்டில் பெட்டரி. மேட்டில் மிதித்தால் மோட்டர் பாதிப் பாரத்தை இழுத்துக்கொள்ளும். தோட்டத்து ஆட்கள் அதற்கு யானைச் சைக்கிள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை அஞ்சு பேர், ஆறு பேராக இவள் முன்னால் போய்க் கூட்டிக்கொண்டு மலை சுற்றிக் காட்டி, மூன்று மணித்தியாலத்தில் கீழே கொண்டுவந்து சேர்ப்பாள்.

இந்தச் சைக்கிள்கள் உண்மையில் பனிக்கட்டியில் ஓட்டச் செய்தவை. கண்டி டவுனில் சைக்கிள் சாமான் கடை வைத்திருக்கும் பளீல் நானாவுக்குக் குளிர் நாட்டில் ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். அங்கே ஒரு ஹோட்டல் தன் பழைய சைக்கிள்களை விற்றபோது எட்டை வாங்கிக் கப்பலில் அனுப்பினார். வந்து இறங்கியபோது டயர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்பு ஆணி. ஐஸில் வழுக்காமல் இருக்க அடித்தது. நம் மலைப் பாறையில் அதுவே வழுக்கியது. முதல் கிழமையிலேயே இரண்டு பேர் விழுந்தார்கள்.

அப்போது சுபாஜினி, பளீல் நானா மலை அடியில் போட்ட சைக்கிள் கொட்டிலுக்கு வருகிற ஆட்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிற வேலைக்குத்தான் சேர்ந்திருந்தாள். யாரும் சொல்லாமலே ஆணி பிடுங்குகிற குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு டயருக்கு இருநூறு ஆணிக்கு மேல், பதினாறு டயரிலும் பிடுங்கிப் போட்டாள். நாலு நாள் எடுத்தது. கை கொப்பளித்துவிட்டது. டயரில் காற்று எவ்வளவு இருக்கவேண்டும் என்பதையும் அவளே கண்டுபிடித்தாள். எல்லாரும் கல் மாதிரி அடித்து வைப்பார்கள். இவள் பெருவிரலால் அமத்திப் பார்த்து, ரொட்டி மா பதத்துக்கு வரும்வரை காற்றை இறக்கிவிடுவாள்.

பிறந்தது ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில். தாய் சுப்பம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். ஆகவே எந்தக் குறுக்குப் பாதை எங்கே போய் முட்டும் என்று இவளுக்குத் தெரியும். ஒரு நாள் வழிகாட்டி வராமல் போக, பளீல் நானா வேறு வழி இல்லாமல் இவளை அனுப்பினார். அதற்குப் பிறகு நாலு வருடம் அவள்தான் முன்னுக்கு. இங்கிலீஷ் பேசுவதும் அப்படி வந்ததுதான். எங்கள் மகன் யுகேஷைக் கட்டி டவுன் பக்கம் மஹியாவைக்கு வந்த பிறகும் விடவில்லை.

போன செப்டம்பரில் எங்கள் பேத்தி ஹம்ஸினி பிறந்தாள். மூன்று கிலோ நூறு கிராம். கை விரல் எல்லாம் நீளம். என் அம்மாவின் விரல் அப்படித்தான் இருக்கும். யாரும் ஒத்துக்கொள்வதில்லை, அது வேறு கதை. சுபாஜினி அஞ்சாம் மாதமே வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். அந்த நேரத்தில் பளீல் நானா தன் தங்கச்சி மகன் அர்கமை முன்னால் ஓட்ட வைத்தார். கெட்டிக்காரப் பெடியன், மரியாதையும் உண்டு. ஆனால் ஆள் வந்துவிட்டால் இடமும் போய்விடும் அல்லவா.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததும் சுபாஜினி போய் வேலையைக் கேட்டாள். பளீல் நானா கோபப்படவில்லை, தன்மையாகத்தான் சொன்னாராம்.

"மகள், நீங்க இப்ப புள்ளப் பெத்த ஆளு. பனியில மழயில ஏற ஏலாது. போனடியில உக்காந்து புக்கிங் எடுங்க. சம்பளம் கொறைக்க மாட்டன்."

"போன் தூக்குறதுக்கு வேற ஆள் பாருங்க நானா. எனக்கு மலையில வேல இருந்தா சொல்லுங்க."

அவர் இரண்டு நாள் யோசித்தார். ஜனவரியில் ஒரு சுற்றுலாக் கொம்பனி ஆறு பேரை அனுப்புகிறது, பிடித்தால் வருடம் முழுக்க ஆட்கள் தருவார்கள். அந்த ஆறு பேரைச் சுபாஜினி கூட்டிக்கொண்டு போகட்டும். நல்லபடியாக முடிந்தால் முன்னால் போகிற இடம் திரும்ப அவளுக்கு. இல்லையென்றால் போனடி. இதுதான் பேச்சு.

ஜனவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை. ஹம்ஸினி போத்தல் பாலை வாயில் வைக்கமாட்டாள், துப்பிவிடுவாள். ஆகவே பத்து மணிக்கு நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கொட்டிலுக்கு வருவது என்று ஏற்பாடு. யுகேஷ் கலஹா போகிற பஸ்ஸில் கண்டக்டர், லீவு கிடையாது. என் மனைவி சீதாவுக்கு முழங்கால் வருத்தம், ஏற்றம் ஏறமாட்டாள். நான் முனிசிபாலிட்டியில் ரோடு கூட்டி ஓய்வு பெற்றவன். எனக்கு இப்போது இருக்கிற ஒரே உத்தியோகம் பேத்தியைத் தூக்குவது.

இனி நடந்ததைச் சொல்லுகிறேன். நான் பார்க்காத பகுதியைச் சுபாஜினியும் அவள் தாயும் சொன்னார்கள்.

காலையில் ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். நாலு பெண்கள், இரண்டு ஆண்கள். ஹென்ரிக் என்று ஓர் அறுபது வயதுக்காரர், ஆறரை அடி உயரம். அவருடைய ஊரில் ஆறு மாதம் பனிக்கட்டி, அங்கே இதே மாதிரிச் சைக்கிளில்தான் காட்டுக்குள் போவாராம். கூட வந்தவர்களுள் ஒரு அம்மா அந்தக் கொம்பனிக்காரி. எல்லாவற்றையும் சின்னப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வந்தாள்.

பைன் காட்டுக்கு மேலே ஏறியதும் பனிமூட்டம் இறங்கிவிட்டது. முன்னால் போகிற சைக்கிள் பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. அப்படியான நேரத்துக்குச் சுபாஜினி ஒரு முறை வைத்திருந்தாள். விசில் ஊதுவதில்லை. "பொலியோ பொலி" என்று சத்தம் போடுவாள். பின்னால் வருகிற ஒவ்வொருவரும் "பொலி" என்று திருப்பிச் சொல்லவேண்டும். எல்லாக் குரலும் வந்தால் எல்லாரும் வருகிறார்கள் என்று கணக்கு. வெள்ளைக்காரர்களுக்கு அது நல்ல விருப்பம்.

அந்த வார்த்தை தோட்டத்து வார்த்தை. கொழுந்து மலையில் ஆளுக்கொரு செடி வரிசையாக நிரை பிடித்து முதல் கொழுந்தைக் கிள்ளும்போது பெண்கள் சொல்லுவது. நிறையக் கிடைக்கட்டும் என்று அர்த்தம். ஒருத்தி சொன்னால் மற்றவள் திருப்பிச் சொல்லாமல் இருக்கக்கூடாது. புது மலை திறக்கிற நாளில், அதாவது புதுக் கன்றில் முதன்முதலாகக் கொழுந்து எடுக்கிற நாளில், தேங்காய் உடைத்து, எல்லாரும் சேர்ந்து சொல்லுவார்கள். சுபாஜினி போகிற பாதையில் நாலு வருடமாகக் கொழுந்து எடுக்கிற ஆளே கிடையாது. ஏழாம் நம்பர் மலை என்கிற அந்தத் தேயிலைத் துண்டில் பழைய மரத்தைப் பிடுங்கிப் புதுக் கன்று வைத்துச் சும்மா விட்டிருந்தார்கள். ஆகவே அந்த வார்த்தையால் ஒரு தொல்லையும் வந்ததில்லை.

அன்றைக்குத்தான் ஏழாம் மலை திறப்பு.

அர்கமுக்கு அது தெரியும். ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி புதன்கிழமையே சொல்லியிருந்தார். சுபாஜினிக்குத் தெரியாது. தாய்க்காரி பிள்ளை பார்க்க வந்தபோது பிள்ளையைப் பற்றித்தான் பேசினாள், மலையைப் பற்றிப் பேசவில்லை. காலையில் கொட்டிலில் அர்கம் டயர் துடைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான். மேலே பாதை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தன் இடத்தில் வந்தவனிடம் போய் வழி கேட்பதா என்று இவள் கேட்கவில்லை. இதை அவளே பிறகு சொன்னாள்.

ஏழாம் மலைக்கு மேலே வந்ததும் வழக்கம்போலச் சத்தம் போட்டாள். கீழே பனிமூட்டத்துக்குள் நின்ற இருபது பெண்களும் கங்காணிதான் தொடங்கச் சொல்லிவிட்டார் என்று நினைத்து, "பொலியோ பொலி" என்று சேர்ந்து சொன்னார்கள். கங்காணி தேங்காயை இன்னும் கையில் வைத்திருந்தாராம்.

சுபாஜினிக்குச் சத்தம் நிறையக் கேட்டது. பாறையில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தாள். எப்போதும் அந்த மலை முடிகிற பாலத்தடியில் நிறுத்தி, கண்ணால் ஆள் எண்ணுவாள். அன்றைக்குப் பத்து மணியாகப் போகிறது, பிள்ளைக்குப் பால் நேரம். நிறுத்தவில்லை.

கொட்டிலுக்கு ஆறு சைக்கிள் வந்தது. அவளோடு சேர்த்து ஆறு. ஏழு வரவேண்டும்.

நான் அப்போது ஹம்ஸினியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நிற்கிறேன். தாயின் குரலைக் கேட்டதும் பிள்ளை பசியில் கத்தத் தொடங்கிவிட்டது. சுபாஜினி ஹெல்மட்டைக் கழற்றாமல் திரும்பிப் பாதையையே பார்த்தாள். பளீல் நானா ஜும்மாத் தொழுகைக்குப் போக வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அவரும் எண்ணிவிட்டார். கிட்ட வந்து மெதுவாகத்தான் பேசினார்.

"சத்தம் போடாதீங்க மகள். அர்கம் போய்க் கூட்டி வருவான். மத்தவங்களுக்கு, அவரு போட்டோ புடிக்க நின்னுட்டாருண்டு சொல்லுவம். நீங்க புள்ளக்கிப் பாலக் குடுங்க."

அவள் அர்கமிடம் போனாள்.

"ஏழாம் மலையில ஆள் நிக்கிதா?"

"இண்டைக்கித் தொறப்பு அக்கா. ஒங்கட அம்மாவும் அங்கதானே. ஒங்களுக்குத் தெரியும்னுதான் நான் சொல்லல்ல."

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அஞ்சு நிமிடம் இருக்கும். பாதிப் பசி அடங்கிய பிள்ளையைக் கொண்டுவந்து திரும்ப என் தோளில் போட்டாள். பளீல் நானா மறுபடியும் அர்கம் போகட்டும் என்றார்.

"நான் கூட்டிட்டுப் போன ஆளு நானா. நான்தான் கொண்டாரணும்."

போகிறதற்கு முன்னால் அந்தக் கொம்பனிக்கார அம்மாவிடம் நேரே போய் இங்கிலீஷில் சொன்னாள். ஓர் ஆளைத் தவறவிட்டேன், எங்கே இருப்பார் என்று தெரியும், அரை மணித்தியாலத்தில் கூட்டி வருகிறேன் என்று. அந்த அம்மா புத்தகத்தைத் திறந்தாள். பளீல் நானா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மேலே நடந்தது இது. ஹென்ரிக் கண்ணாடி துடைக்க நின்றிருக்கிறார். கீழே இருபது குரல் கேட்டதும் கூட்டம் அங்கேதான் போகிறது என்று நினைத்து, நிரைப் பாதையில் சைக்கிளை இறக்கிவிட்டார். முன் சில்லு மழைத் தண்ணி ஓடுகிற கானுக்குள் விழ, மனுஷன் தேயிலைக் கன்றுக்கு மேலே விழுந்தார். முழங்கையில் கீறல், வேறொன்றும் இல்லை. இரண்டு கன்று முறிந்தது. புது மலை திறக்கிற அன்றைக்கு இப்படியா என்று சில பேருக்குக் கோபம். மெழுகு மாதிரி வெள்ளையாக ஒருவர் பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்து விழுந்ததில் சில பேருக்குப் பயம். அவர் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு, மரியாதையாகப் "பொலி" என்றாராம். அதில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

சுபாஜினி போய்ச் சேர்ந்தபோது, அவரை ஒரு கல்லில் உட்கார வைத்துப் பால் விடாத சாயத்தண்ணியும் ரொட்டியும் கொடுத்திருந்தார்கள். சுப்பம்மா மகளைக் கண்டதும் விட்டாள் பாருங்கள்.

"ஏன்டி, நாங்க நிரைக்குக் கூப்புடுற வார்த்தைய சைக்கிளுக்கா கூப்புடுவ? பச்சப்புள்ளய வுட்டுட்டு வந்து வெள்ளக்காரன மரத்து மேல தள்ளவா வந்த?"

"எனக்கு மலை தொறக்குறது தெரியாதும்மா."

"வாய் இருக்குல்ல? கேக்க வேண்டியதுதானே?"

மகள் கங்காணியிடம் போய், பிழை என்னுடையதுதான், ஆபீசுக்குச் சொல்லவேண்டுமானால் என் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். கங்காணி முறிந்த கன்றைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். பொலி சொன்ன ஆள் கொழுந்து கிள்ளாமல் போகக்கூடாது என்று மட்டும் சொன்னார். ஹென்ரிக் கொழுந்துக்காரிகள் கட்டுகிற படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி இரண்டு பிடி கிள்ளினார். பாதி முற்றல் இலை. சுப்பம்மா பொறுக்கி எறிந்தாள்.

பதினொரு மணிக்கு இரண்டு பேரும் கீழே வந்தார்கள். கொம்பனிக்கார அம்மா எல்லாரையும் உட்கார வைத்து என்ன நடந்தது என்று கேட்டாள். சுபாஜினி ஒன்றையும் குறைக்கவில்லை. மலை திறப்பது தெரியாமல் போனது, கேட்காமல் விட்டது, பாலத்தடியில் ஆள் எண்ணாதது, மூன்றையும் சொன்னாள். ஹென்ரிக் தன் ஊரில் பனிமூட்டத்தில் போனால் முன்னுக்கு ஓர் ஆள், கடைசிக்கு ஓர் ஆள் என்று இரண்டு வழிகாட்டிகள் போவார்கள் என்றார். அந்த அம்மா அதையும் எழுதிக்கொண்டாள். பளீல் நானா ஜும்மாவுக்குப் போனார்.

த்ரீவீல் ஆட்டோவில் வீட்டுக்கு வரும்போது சுபாஜினி என்னிடம், "போனடிதான் மாமா" என்றாள். நான் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை கொம்பனியிலிருந்து பதில் வந்தது. ஆட்களை அனுப்புவார்கள், ஆனால் இரண்டு வழிகாட்டிகள் இருக்கவேண்டும். தவறியதை மறைக்காமல் சொன்ன அந்தப் பெண் அதில் ஒருவராக இருக்கவேண்டும். பளீல் நானா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு மஹியாவைக்கே வந்துவிட்டார். வெறுங்கையோடு வரவில்லை, பிள்ளைக்கு ஒரு கம்பளித் தொப்பி கொண்டுவந்தார். ஹம்ஸினிக்கு அது கண்வரைக்கும் இறங்கியது.

"அண்டைக்கி நீங்க என்ட பேச்சக் கேட்டீந்தா இந்தக் கடிதாசி வந்தீக்காது," என்றார். "முன்னுக்கு நீங்க. அர்கம் பின்னுக்கு."

சுபாஜினி உடனே தலையாட்டவில்லை. அர்கமிடம் கேட்டீர்களா என்றாள். அவன் இடத்தைப் பறித்துக்கொண்டு ஏறமாட்டேன், ஒரு நாள் நான் முன்னுக்கு, ஒரு நாள் அவன் முன்னுக்கு, கடைசியில் வருகிறவர்தான் பாலத்தடியில் ஆள் எண்ணவேண்டும் என்றாள். பளீல் நானா எனக்கு அது தலையிடி என்று முணுமுணுத்தார். பிறகு சரி என்றார்.

இப்போது கிழமைக்கு நாலு நாள் போகிறாள். புறப்படுகிறதற்கு முன்னால், யார் முன்னுக்குப் போனாலும், இரண்டு பேரும் பெரட்டுக் களத்துக்குப் போவார்கள். விடியக்காலை ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம் அது. இன்றைக்கு எந்த மலையில் ஆள் என்று கங்காணியிடம் கேட்டுக்கொண்டுதான் சைக்கிளில் ஏறுகிறார்கள். பனிமூட்டத்தில் இப்போது பொலி கிடையாது. வருகிறவர்களுக்குத் தமிழில் நம்பர் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். ஒன்று, ரெண்டு, மூணு என்று கத்திக்கொண்டு மலை ஏறுகிறார்கள். பத்து மணிக்கு நான் கொட்டிலடியில் பிள்ளையோடு நிற்பேன். கீழே வரும்போது கடைசி நம்பர் ஆறு என்று வெள்ளைக்காரக் குரலில் கேட்டால், பின்னால் அர்கமின் சைக்கிளோ சுபாஜினியின் சைக்கிளோ தெரியும்.