பூச்சி ஏறாத கள்ளி

மிலூதுக்கு உலகத்தில் இரண்டே வகை ஜீவன்கள்தான்: பயிரைத் தின்னும் பூச்சி, தின்னாத பூச்சி. மனிதர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். காசாபிளாங்காவுக்குத் தெற்கே சீதி பென்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் பூச்சி ஆய்வாளர், நான் ஜீப் டிரைவர். வயலில் இறங்கிக் குனிந்தால் எழுந்திருக்க மாட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் கையை மட்டும் ஆட்டுவார். அவரோடு சுற்றி, காய்ந்த ரொட்டி தின்றே என் வயிறு கெட்டது.

எங்கள் பக்கம் வீட்டுக்கு வேலி சப்பாத்திக்கள்ளி. கோடையில் அதன் பழம் விற்ற காசுதான் கையில் புழங்கும். மழை பொய்த்தால் மாட்டுக்குத் தீனியும் அதுதான். அதில்தான் அந்த வெள்ளைப் பூச்சி வந்து விழுந்தது. பஞ்சு ஒட்டியதுபோல அப்பிக்கொள்ளும், நசுக்கினால் ரத்தச் சிவப்பு. கொஞ்ச காலத்திலேயே வேலிகள் ஊர் ஊராக அழுகிச் சரிந்தன. பூச்சி ஏறாத கள்ளி எங்காவது ஒன்று இருக்கும், அதிலிருந்து நட்டு எல்லாரையும் பிழைக்க வைத்துவிடலாம் என்று மிலூத் சல்லடை போட்டுத் தேடினார்.

கிடைத்தும் விட்டது. கணவரை இழந்த லல்லா யாம்னாவின் வீட்டில் அன்று மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். (பெண்களை மரியாதையாக லல்லா என்றும் ஆண்களை ஸீ என்றும் கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.) சாலையிலிருந்து பார்த்தால் விருந்தாளிகளின் தலைகளுக்குப் பின்னால் கள்ளி பளிச்சென்று பச்சையாக நின்றது. சுற்றிலும் எல்லார் வேலியும் வெள்ளை. மிலூத் ஓடுகிற ஜீப்பிலிருந்தே குதிக்கப் பார்த்தார்.

ஆண் துணையில்லாத வீட்டுக்குச் சொல்லாமல் போவது மரியாதை இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் இன்ன நாள் வருகிறோம் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புவோம். புதினாத் தேநீரும் தேன் தடவிய ரொட்டியும் காத்திருக்கும். என் வயிற்றுக்கு அது நல்ல காலம். மிலூத் பூச்சி பிடித்த மடல்களைக் கொண்டுபோய் அந்தக் கள்ளியில் கட்டிவிட்டு, எக்காரணம் கொண்டும் அவிழ்க்கக் கூடாது என்று யாம்னாவிடம் கேட்டுக்கொண்டார். அந்தம்மா அவிழ்க்கவில்லை. ஒரு வருஷம் போய்ப் போய்ப் பார்த்தோம். கட்டிய மடலில் பூச்சி மொய்த்தது, கள்ளியில் ஒன்றுகூட ஒட்டவில்லை. மனுஷன் பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டார்.

இரண்டு கோடை நிலையத்தில் கூண்டுக்குள் பூச்சியோடு வளர்த்துப் பார்த்துவிட்டு ஊருக்குக் கொடுக்கலாம் என்றார் இயக்குநர். அதுவரை மாடுகள் பட்டினி கிடக்குமா என்று மிலூத் சண்டைக்குப் போய், ஜெயித்தும் விட்டார். ஊர்க்காரர்கள் மிச்சம் மீதி வேலியைப் பிடுங்கிப் புதைத்துவிட்டு யாம்னா வீட்டு மடல்களை நட்டார்கள். யாம்னாவுக்குப் பக்கத்து வீட்டு ஜிலாலி மட்டும் தயங்கினான்.

"பாதி இன்னும் உசுரோட இருக்கே ஸீ மிலூத். பிடுங்க மனசு வரலையே."

"என்னை நம்பு, ஜிலாலி. பிடுங்கு."

பிடுங்கினான். அதன்பிறகு நட்ட ஊர்களைச் சுற்றவே எங்களுக்கு நேரம் சரியாக இருந்தது. யாம்னா வீட்டுப் பக்கம் மாதக்கணக்கில் போகவில்லை.

அடுத்த கோடையில் நட்டதெல்லாம் வெள்ளை. மிலூத் என்னை இழுத்துக்கொண்டு நேராக யாம்னா வீட்டுக்குப் போனார், முதல் தடவையாகச் சொல்லாமல். பின்புறம் அந்தக் கள்ளியும் அடி முதல் நுனிவரை வெள்ளை. யாம்னா பதறிப்போய், தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டு வாளியும் துடைப்பமுமாக ஓடி வந்தார்.

"சொல்லிட்டு வந்திருக்கக் கூடாதாப்பா? விருந்தாளி கண்ணுல அழுக்குப் படலாமா? காலையிலேயே சோப்புத் தண்ணி ஊத்தித் தேய்ச்சு வச்சிருப்பேனே."

மிலூத் அந்த வாளியைப் பார்த்தார். "எப்பவும் தேய்ப்பீங்களா லல்லா?"

"நீ வர்றப்பல்லாம்தான். நிச்சயத்துக்கும் தேய்ச்சேன். நீ கட்டினதை மட்டும் தொடல, நீ சொன்னியே."

மிலூத் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உட்கார்ந்து தேநீர் குடித்தார். ஜீப்பில் ஏறியபிறகு என்னிடம் சொன்னார்.

"துடைப்பமும் சோப்புத் தண்ணியும் போதும்டா. ஜிலாலி வேலியைத் தேய்ச்சே காப்பாத்தியிருக்கலாம். நான் பிடுங்கச் சொன்னேன். ஏன் சுத்தமா இருக்குன்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டேனா?"

தப்பு தன்னுடையது என்று அலுவலகத்திலும் ஊரிலும் ஒத்துக்கொண்டார். யாம்னாவின் பெயரை எந்த இடத்திலும் எடுக்கவில்லை. ஜிலாலி மாடுகளை விற்றுவிட்டுக் காசாபிளாங்காவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். அவன் வீட்டு வழியாக ஜீப்பை விட்டால் மிலூத் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அதனால் நான் சுற்றுவழியில் ஓட்டுவேன். யாம்னாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று எனக்கும் மிலூத்மேல் கோபம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் கோபம் தணிந்துவிடும்.

யாம்னாவின் முகத்தில் விழிக்க அவருக்கு அதன்பிறகு தைரியம் வரவில்லை. இளைய மகள் கல்யாணத்துக்கு யாம்னா ஆள்மேல் ஆள் அனுப்பியும் போகவில்லை. நான்தான் போனேன். கல்யாணக் கூட்டத்துக்கு நடுவே யாம்னா என்னை ஓரமாகக் கூட்டிப்போய்க் கேட்டார்:

"அன்னிக்கு என் வீட்டு அழுக்கைப் பார்த்துட்டுத்தானே அவர் வர்றதில்ல?"