புகைப்புரையில் காய்ந்த விஞ்ஞானம்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் நகமளவு பழுப்பு ப்ளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கிறது. பார்க்கிறவர்கள் கரப்பான்பூச்சியின் இறகு என்று நினைக்கிறார்கள். என் விஞ்ஞான சாதனை மொத்தமும் அதுதான்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன், குலசேகரம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் ஆய்வக உதவியாளன். வேதியியல் மேடம் டெங்குவைக் கண்டுபிடிக்கும் சென்சார் செய்துகொண்டிருந்தார். செத்த கிருமிகளைச் சுற்றிப் ப்ளாஸ்டிக்கை மெல்லிய படலமாக உறையவைத்து, பிறகு கிருமிகளைக் கழுவி எடுத்துவிடுவார். நான் விழிப்பதைப் பார்த்து, "சக்கச்சுளைலேருந்து கொட்டய எடுத்தா குழி இருக்கும்லா அண்ணே? அதுல அந்தக் கொட்டதான் சேரும்" என்றார். பலாப்பழத்தின் வழியாக வந்தால் எனக்கு எந்த விஞ்ஞானமும் விளங்கும். குழியில் கிருமி சேர்ந்தால், படலத்தோடு இணைத்த மீட்டரில் முள் அசையும்.

மறுநாள் ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. மீட்டர் முள் அசையாவிட்டால் மேடத்தின் ஆராய்ச்சிக்கு அதோடு மங்களம். அன்று பார்த்து அடைமழை, கரண்டும் இல்லை. கழுவிய நான்கு படலங்களும் ஈரமாகவே இருந்தன. "நல்லா காயவச்சிருங்க அண்ணே" என்றுவிட்டு மேடம் போனார்.

மழையில் எதையும் காயவைக்க எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரே வழிதான் தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோய், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைப்புரையில் கட்டித் தொங்கவிட்டேன்.

"இந்த நகம் தண்டி சாதனத்துக்கா இம்புட்டு புகை?" என்றாள் மனைவி.

"ஏட்டி, ஆராய்ச்சியாக்கும்!"

காலையில் அப்பளமாகக் காய்ந்திருந்தன. மேடம் ஒன்றை முகர்ந்தார். "அண்ணே, இது டெங்குவக் கண்டுபிடிக்காது, கருவாட்டக் கண்டுபிடிக்கும்." குழிகளையெல்லாம் புகை அடைத்துவிட்டிருந்தது. கிருமிக் கரைசலை விட்டும் முள் அசையவில்லை. சிரித்தாலும் அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தார். "மூணுதான இருக்கு? நாலாவது எங்க?"

அதைப் படலம் கழுவும் குடுவையிலேயே நான் மறந்துவிட்டிருந்தேன். என் மறதி உலகத்துக்குச் செய்த ஒரே உபகாரம். இரண்டு மணிநேரம் வருகைப் பதிவேட்டால் விசிறினேன். கை கழன்றது. குழுவின் முன்னால் மேடம் ஒரு துளி விட்டார். முள் எழுந்தது.

"இங்க ஏன் புகை நாத்தம்?" என்றார் குழுவில் ஒருவர்.

"பக்கத்துல ரப்பர் தோட்டம் சார்" என்றார் மேடம், என்னைப் பார்க்காமலே.

மேடம் இப்போது வெளியூரில் பெரிய ஆய்வகத்தில் இருக்கிறார். நேற்றும் போன் செய்தார். "அங்க மழையா அண்ணே? எதையாவது காயப்போட்டிருக்கியளா?"

கண்ணாடியைத் தூக்கித் துண்டை முகர்ந்தேன். இன்னும் புகை வாசம் போகவில்லை.