ஆகாசத்துக்குப் பட்டா

பெருமாள்புரத்து நாலு சென்ட் மனையில் ஐயம்பெருமாள் மூன்று மாடி எழுப்பப்போகிறார் என்றதிலிருந்து அவர் மனைவி செல்லக்கிளிக்குச் சோறு இறங்கவில்லை. ஐயம்பெருமாள் தன் அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில், சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும், "தம்பிமாரு ரெண்டு பேரும் இனி எங்கூடத்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு" என்று சொல்லிவிட்டார். காரிய வீட்டில் கொடுத்த வாக்கைத் திருப்பி வாங்கியவன் அந்தக் குடும்பத்தில் ஏழு தலைமுறையாகக் கிடையாது.

கொத்தனார் வரைந்த படத்தில் மதிலுக்கு மதில் அறைகள். காற்று உள்ளே வருவதானால் வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில்தான் வரவேண்டும். செல்லக்கிளியின் கண்ணில் பட்டதோ நடுவிலிருந்த ஒற்றை அடுக்களை. மூன்று குடும்பத்துக்கும் சொதி வைக்கத் தேங்காய் துருவினால் கை முழங்கையோடு தேய்ந்துபோகும். வாயைத் திறந்தால் குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பேர். இது நடக்காமல் போகவேண்டுமென்று தெருமுனைப் பிள்ளையாருக்குப் பைய ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

படத்துக்கு அனுமதி கேட்டதும் நகரமைப்பு ஆய்வாளர் மணிராஜ் வந்து மனையை அளந்தார்.

"அண்ணாச்சி, முன்னால பின்னால இடம் விடணும். ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சடி விடணும். மிச்சத்துல கீழ ஒண்ணு, மேல ஒண்ணு. ரெண்டு குடித்தனத்துக்கு மேல கிடையாது."

தம்பி குமரகுருபரன் பக்கத்தில் நிற்கிறாரே! ஐயம்பெருமாள் எகிறினார்.

"எம் மனை வே! ஆகாசம் வரைக்கும் கெட்டுவேன்."

"மண்ணுக்குத்தான பட்டா வச்சிருக்கீரு? ஆகாசத்துக்கும் இருந்தா எடுத்துட்டு வாரும். எல்லாரும் இப்படி நெருக்கிக் கெட்டுனா சாக்கடை தாங்குமா? தீப்பிடிச்சா எங்கன ஓட?"

"பக்கத்துக்கு ஒரு அடி விட்டா போதாதா சார்?" என்றார் தம்பி.

"ஒரு அடியில பூனைகூடத் திரும்பாது தம்பி."

தம்பி அண்ணன் பக்கம் திரும்பினார். "ஒருத்தனை விட்டுட்டு ஒருத்தன் வாரது நல்லாயிருக்காதுண்ணே. நான் தென்காசியிலயே இருந்துக்கிடுதேன். சின்னவனும் அம்பையில இருக்கட்டும்."

செல்லக்கிளி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றுமில்லை. அன்று மதியம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

சாயங்காலம் தேங்காயோடு வாசல் தாண்டும்போது, பேப்பருக்குப் பின்னாலிருந்து கணவர் குரல் வந்தது.

"எங்கட்டி போற?"

"பிள்ளையார் கோயிலுக்கு. சும்மாதான்."

பேப்பர் கீழே இறங்கவில்லை.

"இன்னொண்ணும் எடுத்துக்கோ. நானும் ஒண்ணு நேந்திருக்கேன்."